முதலில் படிவத்தைத் திருத்துங்கள்

இந்த ஆண்டு அரசுப் பணிக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

துணை ஆட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர், நகராட்சி ஆணையர் என்று ஆளுக்கொரு பணியாணையோடு பயிற்சியில் இருப்பீர்கள். உங்களில் பலருக்கு ‘நடத்தை அறிவியல்’ பற்றிய வகுப்புகளும் நடக்கும். குழந்தைக்குத் தடுப்பூசி போட அம்மாக்கள் ஏன் வருவதில்லை, சொத்து வரியைக் கெடு தாண்டியும் ஏன் கட்டுவதில்லை, காசநோய் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதற்கெல்லாம் மனித மனத்தின் இயல்பில் விடை தேடும் துறை அது. சட்டமும் அபராதமும் இல்லாமல், சின்ன மாற்றங்களைச் செய்தே மக்களை நல்ல முடிவின் பக்கம் நகர்த்தலாம் என்று சொல்கிறது. உங்கள் பயிற்சியாளர்கள் ‘நட்ஜ்’ என்பது இதைத்தான்.

அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் உதவித்தொகையும் வாங்கித் தர அலைந்த காலத்தில்தான் இந்தத் துறையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை உண்டு. அதனால்தான் ஒன்றை உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த அறிவியலை மக்களிடம் காட்டுவதற்கு முன்னால் உங்கள் அலுவலகத்திடம் காட்டுங்கள். பல நாட்டுச் சோதனைகளைப் படித்துப் பார்த்தால், நிலைத்த பலன் பெரும்பாலும் அங்கேதான் கிடைத்திருக்கிறது.

துறையின் வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2008-ல் ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் எழுதிய ‘நட்ஜ்’ புத்தகம் வந்தது. 2010-ல் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனின் அரசு, டேவிட் ஹால்பெர்ன் தலைமையில் அமைச்சரவை அலுவலகத்திலேயே ஒரு சிறு குழுவை உட்காரவைத்தது. வரி பாக்கிக்காரர்களுக்குப் போகும் நினைவூட்டல் கடிதத்தில், பத்தில் ஒன்பது பேர் நேரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள், கட்டாத மிகச் சிலரில் நீங்களும் ஒருவர் என்ற பொருளில் ஓரிரு வரிகள் சேர்த்தார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் அனுப்பிப் பார்த்த அந்தச் சோதனையில் பணம் சீக்கிரமாக வந்தது. அதன் பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. உலக வங்கி தன் 2015-ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. அதே ஆண்டு ஒபாமா, அமெரிக்க அரசுத் துறைகள் இந்த முறைகளைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். நம் ஒன்றிய அரசின் 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையில் இதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. நிதி ஆயோக்கிலும் தனிப் பிரிவு அமைந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்க அந்நாட்டு மத்திய அரசு உதவித்தொகை தருகிறது. அதற்கு ‘ஃபாஃப்சா’ என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். ஒரு காலத்தில் அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. எரிக் பெட்டிங்கர் என்ற பொருளியலாளரும் அவரது குழுவினரும், வரிக் கணக்கு எழுதித்தரும் ஹெச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனத்தின் கிளைகளில் ஒரு சோதனை நடத்தினார்கள். அங்கே வந்த குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, வரிக் கணக்கு எழுதிய கையோடு, அதே விவரங்களை வைத்து உதவித்தொகை விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் முடிந்த வேலை. இன்னொரு பகுதியினருக்கு, உங்கள் பிள்ளைக்கு இவ்வளவு கிடைக்கும் என்ற தகவலை மட்டும் சொல்லி, விண்ணப்பத்தை வீட்டில் நிரப்பிக்கொள்ளச் சொன்னார்கள். 2012-ல் முடிவு வெளிவந்தது. நிரப்பிக் கொடுத்த வீடுகளில் கல்லூரிப் படிப்பைத் தொடர்ந்த பிள்ளைகளின் விகிதம் 8 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. தகவல் மட்டும் பெற்ற வீடுகளில் ஒரு மாற்றமும் இல்லை.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. அதே விண்ணப்பத்தைப் போடச் சொல்லி 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் என்று விதவிதமாக அனுப்பிப் பார்த்தார்கள். வாசகத்தை மாற்றி மாற்றி எழுதினார்கள். 2021-ல் வெளியான அந்த ஆய்வில் கல்லூரிச் சேர்க்கையும் கூடவில்லை, உதவித்தொகை பெற்றவர் எண்ணிக்கையும் கூடவில்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்றுதான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஒரு காலைப்பொழுது ஏதாவது ஓர் இ-சேவை மையத்தில் போய் உட்காருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி அப்பாவோடு வந்திருப்பாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மூன்றும் வேண்டும். அவள் குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கவில்லை என்று நிரூபிக்க, வீட்டில் மற்றவர்கள் எதுவரை படித்தார்கள் என்பதற்கும் காகிதம் வேண்டும். அண்ணனின் டி.சி. பழைய பெட்டியில் எங்கேயோ கிடக்கிறது. ஓ.டி.பி. போகும் கைப்பேசி எண் அந்த அண்ணனுடையது. அவன் திருப்பூரில் ஷிப்டில் நிற்கிறான், உள்ளே போனை எடுத்துப்போக முடியாது. மூன்றாவது முறை அழைத்த பிறகு எடுக்கிறான், அதற்குள் எண் காலாவதியாகிவிடுகிறது. ஒருவழியாக மனு ஏறியதும் வி.ஏ.ஓ.வைப் பார்க்கச் சொல்கிறார்கள். வி.ஏ.ஓ. ஜமாபந்திக்குப் போயிருக்கிறார். அப்பாவுக்கு அன்றைய கூலி போயிற்று, நாளைய கூலியும் போகும். இவ்வளவையும் மீறி அந்தப் பெண் வாங்கிவிட்டால் நல்லது. பாதியில் விட்டுவிட்டால், “கிராமப்புற மாணவர்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை” என்று அறிக்கையில் ஒரு வரி வரும். அந்த வரியைப் பல கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டவள் நான். அந்தப் பெண்ணுக்கு எது கிடைக்கும், எதற்காக வாங்க வேண்டும் என்பதெல்லாம் நன்றாகத் தெரியும்.

சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் நம் மாநிலமே காட்டியிருக்கிறது. 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பமும் டோக்கனும் ரேஷன் கடைப் பணியாளர்கள் கையால் வீட்டுக்கே வந்தன. முகாமுக்கு எந்த நாளில் போக வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பெண்கள் விண்ணப்பித்தார்கள். தகுதி வரம்பை எப்படி வகுத்தார்கள், யாரை விட்டார்கள் என்பதில் எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் மனு கொடுப்பதையே ஒரு தண்டனையாக்காமல் இருந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்பதை அந்தச் சில வாரங்கள் காட்டின.

ஏழைகளின் மனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்படும் ஒரு முக்கியமான ஆய்வு, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். கரும்புக்காரருக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் பெரிய பணம். ஆலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கட்டிங் ஆர்டர் கொடுப்பதில்லை. ஒரே மாதத்தில் ஒருவர் பட்டுவாடா வாங்கி நிம்மதியாக இருப்பார், பக்கத்து வயல்காரர் வெட்டுக்குக் காத்துக்கொண்டிருப்பார். ஆகவே பருவத்தின் விளைவையும் பணமுடையின் விளைவையும் பிரித்துப் பார்க்க முடிந்தது. 54 கிராமங்களில் 464 விவசாயிகளை, அறுவடைக்கு முன்னும் பின்னும் சந்தித்தார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்னால் அது 4 சதவீதம். இருமுறையும் அவர்களுக்கு, விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு சராசரியாக 5.45 சரியான விடைகள், வருவதற்கு முன் 4.35. அதே மனிதர், அதே மூளை. நகை மூழ்கிவிடுமோ என்ற கவலை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்ற யோசனைக்கு இடம் குறைகிறது என்பது அவர்கள் முடிவு.

இந்த ஆய்வை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. சில நாள் தட்டுப்பாடும் ஒரு வருஷக் கடனும் ஒன்றா என்று கேட்கலாம். எப்படியானாலும், நிர்வாகம் செய்கிறவருக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. கையில் காசில்லாத மாதத்தில் கடினமான படிவத்தையும் கெடு தேதியையும் கொண்டுபோய் வைக்காதீர்கள். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம், கூட்டுறவுக் கடன் புதுப்பித்தல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மேற்கு கென்யாவில் எஸ்தர் டஃப்லோவும் மைக்கேல் கிரெமரும் ஜோனதன் ராபின்சனும் செய்தது இதுதான். அறுவடை முடிந்து கையில் பணம் இருக்கும்போதே விவசாயி வீட்டுக்குப் போய், இப்போதே பணம் கட்டினால் அடுத்த பருவத்துக்கான உரத்தை இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். விலையைப் பாதியாகக் குறைத்தால் எவ்வளவு கூடுமோ அந்த அளவுக்கு உரம் வாங்கியவர்கள் கூடினார்கள். விவசாயிக்கு உரத்தின் பயன் முன்பே தெரியும். ஆய்வாளர்கள் மாற்றியது பணம் கட்டும் நாளைத்தான்.

உதய்ப்பூர் ஆய்வை உங்கள் வகுப்பில் கட்டாயம் சொல்வார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டால் ஒரு கிலோ பருப்பு, எல்லாத் தவணையும் முடித்தால் தட்டு செட். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உடன் ஆய்வாளர்களும் சேவா மந்திர் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 134 கிராமங்களில் நடத்திய இந்தச் சோதனை 2010-ல் வெளியானது. பருப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்வதில்லை. அந்தப் பகுதியின் சுகாதார மையங்களில் எந்த வேலை நாளிலும் 45 சதவீத ஊழியர்கள் இல்லை. வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அம்மா மறுபடி ஏன் வரப்போகிறாள்? எதுவும் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். மாதந்தோறும் சொன்ன நாளில், சொன்ன இடத்தில் முகாம் தவறாமல் நடந்த கிராமங்களில் 18. அதோடு பருப்பும் கொடுத்த இடங்களில் 39. ஆக, செவிலியர் சொன்னபடி வந்ததே முதல் மூன்று மடங்கு. பருப்பு வேலை செய்தது அதன் மேல்தான். கூட்டம் வந்ததால் செவிலியரின் நாள் வீணாகவில்லை, எனவே ஒரு குழந்தைக்கான செலவு பருப்பு கொடுத்த இடத்தில் கிட்டத்தட்டப் பாதியானது. ஏழைக்கு ஏன் இலவசம் என்று கேட்கும் நிதித்துறைக் கோப்புக்கு நல்ல பதில் இது.

உறுப்பு தானத்திலும் இதே கதை. ஆஸ்திரியாவில் மறுப்புத் தெரிவிக்காத எல்லோரும் சம்மதித்தவர்கள், அதனால் 99.98 சதவீதம். ஜெர்மனியில் தானாக முன்வந்து பதிய வேண்டும், அதனால் 12. எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003-ல் எழுதிய கட்டுரையின் இந்த எண்கள் உலகம் சுற்றிவிட்டன. ஆனால் காகிதத்தில் சம்மதம் இருப்பது வேறு, நள்ளிரவில் ஒரு மருத்துவமனையில் சிறுநீரகம் கிடைப்பது வேறு. உறுப்பு தானத்தில் முன்னணியில் இருக்கும் ஸ்பெயினில் 1979-லேயே ஆஸ்திரியாவைப் போன்ற சட்டம் இருந்தது. பத்தாண்டு கழித்தும் பத்து லட்சம் பேருக்குச் சுமார் 14 கொடையாளர்கள்தான். 1989-ல் ரஃபேல் மத்தேசான்ஸ் தலைமையில் தேசிய அமைப்பு உருவாகி, மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் வந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகே அந்த எண் படிப்படியாக 40-ஐத் தாண்டியது. அங்கே இன்றும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. தமிழ்நாடு இந்தியாவில் முன்னே போனதும் இந்த வழியில்தான். 2008 முதல் மூளைச்சாவை முறைப்படி அறிவிப்பதற்கும் உறுப்புகளை வரிசைப்படி ஒதுக்குவதற்கும் அரசு ஒழுங்கான ஏற்பாடு செய்தது. 2023-ல் கொடையாளர் உடலுக்கு அரசு மரியாதை என்று அறிவித்தது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தை மதித்துச் செய்த காரியம் அது, எனக்கு அதில் பெருமை உண்டு.

மதிப்பைப் பற்றிப் பேசும்போது அவமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எனக்குப் பயமான பகுதி அது. வங்கதேசத்தில் கமல் கர் தொடங்கிய ஒரு முறை, மலம் கழிக்கும் வெளிக்கு ஊராரை அழைத்துப்போய்க் காட்டி, அருவருப்பையும் வெட்கத்தையும் கிளப்பிக் கழிப்பறை கட்டவைத்தது. பல நாடுகள் அதைப் பின்பற்றின. நம் நாட்டில் தூய்மை இந்தியா நாட்களில் விடிகாலையில் வெளிக்குப் போனவர்களைப் பார்த்து விசில் ஊதினார்கள், அவர்களைப் புகைப்படம் எடுத்தார்கள், மாலை போட்டார்கள். 2019 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிவபுரி மாவட்டத்தில், திறந்த வெளியில் மலம் கழித்ததாகச் சொல்லி இரண்டு தலித் குழந்தைகளை அடித்தே கொன்றார்கள். அந்தக் குழந்தைகளின் வீட்டில் கழிப்பறை இல்லை. ஒரு கையேடு அந்தக் கொலையைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. சாதி இருக்கும் ஊரில் வெட்கத்தை ஆயுதமாகக் கொடுத்தால் அது யார் கையில் போகும், யார் மேல் விழும் என்பதை அதிகாரி முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்கிறேன். பிரிட்டனின் வரிக் கடிதம் ஒருவரின் வீட்டுக்கு மூடிய உறையில் போனது. வரி பாக்கிக்காரர் பெயரை ஃபிளெக்ஸில் போடுவதும், வாசலில் தண்டோரா அடிப்பதும் அதே அறிவியல் ஆகாது. யாராவது அப்படி ஆலோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஆலோசனை சொல்கிறவர்கள் ஆய்வுக் கட்டுரையோடுதான் வருவார்கள். அதையும் கேள்வி கேளுங்கள். படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலேயே போடவைத்தால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. அரசுகள் ஆவலாக எடுத்துக்கொண்டன. 2020-ல் அதே ஆசிரியர்கள் பெரிய அளவில் செய்து பார்த்தபோது பலன் இல்லை. 2021-ல் பழைய தரவுகளை ஆராய்ந்தவர்கள், ஒரு வாகனக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்ததாகச் சொன்ன எண்களே புனையப்பட்டவை என்று காட்டினார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வில் நேர்மை இல்லாமல் போனது.

நேர்மையாகச் செய்த சோதனைகளிலும் பலன் எவ்வளவு என்று பாருங்கள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் அமெரிக்காவின் இரண்டு பெரிய நட்ஜ் அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளை, வென்றதும் தோற்றதும் சேர்த்து, மொத்தமாக எடுத்துக் கணக்கிட்டார்கள். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அவற்றில் இருந்தார்கள். ஆய்விதழ்களில் வெளியான நட்ஜ்களின் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. இந்த அமைப்புகளில் அது 1.4. தோற்ற சோதனைகள் பெரும்பாலும் இதழ்களில் வருவதில்லை என்பது இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம். 1.4 என்பது ஒன்றுமில்லை என்று ஒதுக்க மாட்டேன். ஒரு கடிதத்தின் வாசகத்தை மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு, கோடிப் பேருக்கு அது பெரிய எண்தான். ஆனால் போகாத பேருந்துக்கும் இல்லாத மருத்துவருக்கும் குறுஞ்செய்தி ஈடாகாது. அப்படி ஈடாக்கச் சொல்லி மேலிடம் கேட்டால், முடியாது என்று கோப்பில் எழுதும் துணிவு உங்களுக்கு வேண்டும். நீங்கள் நடத்தும் சோதனை தோற்றால் அதையும் வெளியிடுங்கள். அடுத்த மாவட்டம் அதே பணத்தை மறுபடி செலவழிக்காமல் இருக்கும்.

பொறுப்பேற்றதும் உங்கள் அலுவலகம் தரும் சேவைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோர் உதவித்தொகையாக இருக்கட்டும், பட்டா மாறுதலாக இருக்கட்டும். அதிகாரி என்று காட்டிக்கொள்ளாமல், விண்ணப்பிக்கும் ஒரு பாட்டியோடு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கூடவே போங்கள். எத்தனை ஜெராக்ஸ், எத்தனை நடை, எத்தனை நாள் கூலி என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அரசிடமே ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தை அரசே மறுபடி கேட்கும் இடங்களை அடிக்கோடிடுங்கள். உங்கள் அதிகாரத்தில் இருப்பதை அந்த வாரமே நீக்குங்கள். இல்லாததை நீக்கச் சொல்லி மேலே எழுதுங்கள், பதில் வராவிட்டால் திரும்பவும் எழுதுங்கள். மக்களுக்கு என்ன குறுஞ்செய்தி அனுப்பலாம் என்ற கூட்டத்தை அதற்குப் பிறகு கூட்டுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை